கொசு எங்கள் தெருவில் பிறந்ததுதான்

ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், கம்ப்ரஸருக்கு மேலே ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. உள்ளே உருகும் பனிநீர் ஒரு குழாய் வழியாக அதில் வந்து சேரும். கம்ப்ரஸரின் சூட்டில் தானாக வற்றிவிட வேண்டும் என்பது கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும்போது அந்தக் கணக்குப் பலிப்பதில்லை. மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கத் தொடங்கியபோது, "எங்க வீட்ல ஒரு சொட்டுத் தண்ணி தேங்காது டீச்சர், வேணும்னா தேடிப் பாருங்க" என்று சவால் விட்டவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் நான் வேறெங்கும் போகாமல் ஃப்ரிட்ஜை நகர்த்தச் சொல்வேன். டார்ச் அடித்ததும் தட்டில் ஏதோ நெளியும். வீட்டுக்காரர் அதன்பிறகு பேசமாட்டார்.

நான் உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியைக் கரும்பலகையில் வரைந்து வரைந்தே காலம் ஓடிவிட்டது. குடியிருப்போர் சங்கத்தில் சுகாதாரப் பொறுப்பை என் தலையில் கட்டிய பிறகுதான் அந்தப் படம் தெருவில் எங்கெல்லாம் உயிரோடு இருக்கிறது என்று பார்த்தேன். இங்கே எழுதுவது அந்த அனுபவத்தில் கற்றது. கொசுவைப் பற்றிக் கொஞ்சம், மனிதர்களைப் பற்றி அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

முதலில் கொசு. சென்னையில் நம்மைக் கடிப்பவற்றில் மூன்று வகையைப் பிரித்தறியத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ராத்திரியில் காதோரம் ரீங்காரம் போட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது கியூலெக்ஸ். சாக்கடை, கழிவுநீர்க் கால்வாய், செப்டிக் டேங்க் இவையெல்லாம் அதற்குப் பிரியம். யானைக்கால் நோயைப் பரப்புவது அதுதான். மூடாத கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் வளர்ந்து மலேரியா தருவது அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்சி. டெங்குவுக்கு உரியது ஏடிஸ் எஜிப்தி. கறுப்பு உடல், கால்களில் வெள்ளை வளையங்கள், சத்தம் போடாமல் வந்து கணுக்காலில் கடிக்கும். கடிப்பது பகலில், அதிலும் காலையில் சூரியன் ஏறும் நேரமும் மாலையில் பொழுது சாயும் முன்னரும் மும்முரமாக இருக்கும். இதற்குச் சாக்கடை வேண்டாம். மழைநீர், குழாய்நீர், நாம் குடிக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கும் நீர், அதுவும் ஒரு பாத்திரத்தில் அசையாமல் இருக்க வேண்டும்.

இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. எங்கள் தெருமுனையில் கால்வாய் ஒன்று போகிறது. தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் எல்லோருடைய விரலும் அந்தக் கால்வாயை நோக்கித்தான் நீளும். கால்வாய் நாறுவது உண்மை, அதில் கொசு வளர்வதும் உண்மை, அதைத் தூர்வாரச் சொல்லி மனுக் கொடுப்பதும் நியாயம். ஆனால் அந்தக் கொசு வேறு. கால்வாயைப் பளிங்காக்கி வைத்தாலும் டெங்கு குறையாது. ஏடிஸ் கொசு பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் போவதில்லை. பெரும்பாலானவை சில நூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிந்துவிடும். ஆகவே நம் வீட்டுப் பிள்ளையைக் கடித்தது நம் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ, எதிர்வீட்டு மாடியிலோ பிறந்ததாகத்தான் இருக்கும். அதை ஒழிக்க வேண்டுமென்றால் அந்த வீடுகளுக்குள் போக வேண்டும். போவதற்கு அவர்கள் கதவைத் திறக்க வேண்டும். அந்தக் கதவு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

கொசுப்புழுவைத் தேடுவதற்கு ஒரு டார்ச், ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குவளை, ஒரு பழைய கரண்டி போதும். தண்ணீரில் வெளிச்சம் விழுந்ததும் புழுக்கள் மேற்பரப்பைவிட்டு அடியை நோக்கிப் பாயும். அதனால் முதல் பார்வையில் தண்ணீர் வெறுமையாகத் தெரியும். கொஞ்சநேரம் அசையாமல் நின்றால் மூச்சுவிட மேலே வந்துதான் தீரும். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் ஏடிஸோ கியூலெக்ஸோ. நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்துக் கிடந்தால் அனாஃபிலிஸ். குவளையில் மொண்டு வெள்ளைப் பின்னணியில் பார்த்தால் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்துவிடும்.

எங்கெல்லாம் பார்ப்பது என்றால், எல்லோரும் சொல்லும் டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு இவற்றை நானும் சொல்லிவிட்டு நகர்கிறேன். அவை சுவரொட்டியிலேயே இருக்கின்றன. சுவரொட்டியில் வராதவை சில. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வைத்த வாளி. தண்ணீர்க் கேன் கவிழ்க்கும் ஸ்டாண்டின் அடித்தட்டு. வரவேற்பறையில் கண்ணாடிப் புட்டியில் அழகாக நிற்கும் மணி பிளான்ட். ஓடாமல் நிற்கும் பைக்குக்குப் போர்த்திய தார்ப்பாயின் மடிப்பு. சன்ஷேடின் மேல், அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாயின் வாய். சம்ப்பின் இரும்பு மூடியில், கைப்பிடிக்காக விட்டிருக்கும் பள்ளம். புண்ணியத்துக்குக் காக்கை குருவிக்கு வைக்கும் தண்ணீர்ச் சட்டி. அதைத் தினம் கொட்டி ஊற்றுகிறவர்கள் உண்மையிலேயே புண்ணியவான்கள், வாரக்கணக்கில் நிரப்பிக்கொண்டே போகிறவர்கள் கொசுவுக்குத்தான் தொண்டு செய்கிறார்கள்.

ஆட்டுக்கல்லுக்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். கிரைண்டர் வந்தபிறகு அது கொல்லைக்குப் போய்விட்டது. மழை பெய்தால் குழியில் தண்ணீர் நிற்கும், மேலே முருங்கை நிழல், உட்சுவரோ சொரசொரப்பு. ஏடிஸ் முட்டையிடுவதற்கு இதைவிட வசதியான பிரசவ அறை கிடையாது. "தூக்கிப் போடுங்கள்" என்று நான் ஒருமுறை ஒரு வீட்டில் சொல்லப்போக, அது அந்தம்மாவின் மாமியார் சீதனமாகக் கொண்டுவந்த கல் என்றும், போட்டால் குடும்பத்தில் பேச்சு வரும் என்றும் தெரிந்தது. ஆகவே போடச் சொல்வதை நிறுத்திவிட்டேன். கவிழ்க்க முடிந்தால் கவிழ்க்கலாம். முடியாவிட்டால் குழியை மணல் போட்டு நிரப்பி, ஒரு துளசிக் கன்றை நட்டுவிடலாம். இந்த யோசனையை யாரும் இதுவரை மறுத்ததில்லை.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஏடிஸ் தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டவைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை பல மாதம் உயிரோடு காத்திருக்கும். அடுத்த மழையில் நீர் ஏறித் தொட்டதும் பொரிந்துவிடும். அதனால்தான் காய்ந்து கிடந்த டிரம்மில் தண்ணீர் பிடித்த சில நாளிலேயே புழு வந்துவிடுகிறது. "தண்ணி வண்டிக்காரன் புழுத் தண்ணி ஊத்திட்டான்" என்று வண்டிக்காரரோடு சண்டை வேறு நடக்கிறது. டிரம், தொட்டி, வாளி எதுவானாலும் உட்சுவரைத் தேங்காய் நாரோ பிரஷோ கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் முட்டை கொசுவாவதற்கு ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தேய்த்துவிட்டால் எந்தப் புழுவும் சிறகு முளைக்கும்வரை போகாது. எங்கள் தெருவில் அதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொண்டோம். புழு இருக்கும் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல், வெயில்படும் காய்ந்த மண்ணில் ஊற்ற வேண்டும். அங்கே கொஞ்சநேரத்தில் செத்துவிடும்.

புகை மருந்து விஷயத்தில் என் கருத்து தெருவில் பலருக்குப் பிடிக்காது. புகை வண்டி வந்தால்தான் வேலை நடந்ததாக நம்புகிறார்கள். புகை, அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். புழுவுக்கும் முட்டைக்கும் அது ஒன்றும் செய்யாது. ஏடிஸோ கட்டிலுக்கு அடியில், திரைக்குப் பின்னால், ஆணியில் தொங்கும் சட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். வண்டிச் சத்தம் கேட்டதும் நாம் செய்யும் முதல் காரியம் ஜன்னலைச் சாத்துவது! நோயாளி இருக்கும் வீட்டையும் சுற்றுவட்டாரத்தையும் குறிவைத்து, வீட்டுக்குள்ளும் அடித்தால் அதற்கு ஒரு பயன் உண்டு. தெருவைச் சுற்றி அடிப்பது பெரும்பாலும் நம் மனத்திருப்திக்கு.

மாநகராட்சியிலிருந்து டி.பி.சி. பணியாளர் என்று ஒரு பெண் தோளில் பையோடு வருவார். வீட்டுக்கு வீடு தண்ணீர் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பார்த்து, புழு இருந்தால் கொட்டச் சொல்லி, கொட்ட முடியாத தொட்டிகளில் அபேட் மருந்து ஊற்றுவது அவர் வேலை. எங்கள் பகுதிக்கு வருகிறவர் ஒருநாள் என்னோடு நடந்தபோது கேட்டைத் தட்டித் தட்டிக் கை சிவந்துபோனதைப் பார்த்தேன். "குடிக்கிற தண்ணில விஷம் ஊத்த வர்றியா?" என்று ஒருவர் கேட்டார். பத்து லட்சம் பங்கு நீருக்கு ஒரு பங்கு என்ற அளவில் குடிநீரிலேயே பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட மருந்து அது. அவர் அதை விளக்கத் தொடங்குவதற்குள் கதவு சாத்தப்பட்டது. "பழகிடுச்சுக்கா. அடுத்த வாட்டி பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கேட்டுக்குப் போனார். அன்றைக்குச் சங்கத்தில் சொல்லி ஒரு ஏற்பாடு செய்தோம். அவர் வரும் நாளில் தெருக்காரர் ஒருவர் கூடவே போக வேண்டும். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் நின்றால் பெரும்பாலான கதவுகள் திறக்கின்றன. இத்தனை வருடத்தில் நாங்கள் செய்த காரியங்களில் அதிகப் பலன் தந்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அந்த ஏற்பாடு ஒரு மழைக்காலத்தில் கிட்டத்தட்ட உடைந்துபோனது. தெருவில் ஒரு சிறுவனுக்கு டெங்கு என்று உறுதியாகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற சார் ஒருவர், நல்ல மனிதர், யாருக்கு எந்தப் படிவம் நிரப்ப வேண்டுமானாலும் முன்னால் நிற்பவர், தெருவின் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக ஒரு செய்தி போட்டார். தெருக்கோடியில் எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் தங்கியிருக்கும் வேலையாட்கள்தான் ஊரிலிருந்து டெங்குவைக் கொண்டுவந்தார்கள், டிரம் டிரம்மாகத் தண்ணீர் பிடித்து வைத்துக் கொசு வளர்க்கிறார்கள், அவர்களைக் காலி செய்ய வேண்டும் என்று. கூடவே, டெங்கு கொசு முழங்காலுக்கு மேல் பறக்காது, ஆகவே முழங்காலுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்று எங்கிருந்தோ வந்த ஒரு வைத்தியம்.

எண்ணெய்ச் சமாச்சாரம் தடவியவர்களோடு போயிற்று. ஏடிஸ் கணுக்காலை விரும்பிக் கடிக்கும் என்பதைப் பிடித்துக்கொண்டு யாரோ பின்னிய கதை அது. மூன்றாவது மாடியிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் ஏடிஸ் இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது முழுக்கால் உடையும் காலுறையும் போட்டு, கொசுவிரட்டிக் களிம்பு தடவி அனுப்பினால் உருப்படியாக இருக்கும். ஆனால் செய்தியின் முதல் பகுதி அப்படிப் போகவில்லை. கட்டடத்தில் தங்கியிருந்த ஒரு பெண் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் இரண்டு வீட்டிலும் நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். மேஸ்திரி கட்டடத்தின் தகரக் கதவைச் சாத்திப் பூட்டினார். டி.பி.சி. பெண்மணி போனபோது திறக்கவில்லை. கணக்கெடுத்துக் காலி செய்ய ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தார்களாம். தெருவில் எங்களுக்கு மிக அவசரமாகத் திறக்க வேண்டியிருந்த கதவு அதுதான்.

குழுவில் பதில் எழுதலாம் என்று கைபேசியை எடுத்தேன். அதற்குள் நாலைந்து பேர் கைகூப்பும் படம் போட்டு ஆமோதித்திருந்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் பலபேர் முன்னால் ஒருவரைத் திருத்தினால் அவர் திருந்துவதில்லை, தன் பக்கத்துக்கு ஆதாரம் தேடக் கிளம்பிவிடுவார். ஆகவே ஜாம் பாட்டிலில் கொஞ்சம் புழுவைப் பிடித்து, வாயை வலைத்துணியால் கட்டி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். இது என் வகுப்பறைப் பழக்கம். சார் காப்பி கொடுக்கச் சொன்னார். பாட்டிலைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இது எங்க புடிச்சது?" என்றார். நம் தெருவிலேயே பூட்டிக் கிடக்கும் ஒரு ஃபிளாட்டின் கழிப்பறைத் தொட்டியில் என்றேன். உரிமையாளர் வெளிநாட்டில், சாவி வாட்ச்மேனிடம். நீண்டநாள் பூட்டிவைக்கும் வீடுகளில் வெஸ்டர்ன் கழிப்பறையின் மூடியைச் சாத்தி பிளாஸ்டிக் தாளால் ஒட்டவும், தரையில் உள்ள நீர்ப்போக்கித் துளைகளுக்கு வலை போடவும் சொல்ல வேண்டும் என்பதை நாங்கள் அந்த ஃபிளாட்டில்தான் கற்றுக்கொண்டோம்.

சார் எளிதில் விடவில்லை. "சரி, கொசு எங்க வேணா பொறக்கட்டும். நோய் வெளில இருந்துதானே வந்திருக்கணும்?" நியாயமான கேள்வி. கொசு பிறக்கும்போதே நோயோடு பிறப்பது மிக அபூர்வம். நோயுள்ள ஒருவரைக் கடித்து, வைரஸ் அதன் உடம்பில் பெருகி எச்சிலுக்கு வர எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகி, அதன்பிறகுதான் அது பரப்பத் தொடங்கும். யாரிடமிருந்து எடுத்தது? டெங்கு தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சல்கூடத் தெரிவதில்லை. அப்படிப்பட்டவரைக் கடித்தும் கொசு வைரஸை எடுத்துக்கொள்ளும். திருச்சிக்குக் கல்யாணத்துக்குப் போய்வந்த நானாக இருக்கலாம், தினம் கிண்டிக்கு வேலைக்குப் போய்வரும் அவர் மகனாக இருக்கலாம். இந்த ஊருக்கு டெங்கு புது விருந்தாளியும் கிடையாது. 1780-லேயே மதராஸில் டெங்கு போன்ற காய்ச்சல் பரவியதாகக் குறிப்பு இருக்கிறது. இன்னார் கொண்டுவந்தார் என்று சொல்ல யாராலும் முடியாது என்றேன். காப்பி ஆறிப்போயிருந்தது.

சார் அன்று ராத்திரி அந்தச் செய்தியை அழித்துவிட்டார். அழிப்பது ஒரு திருத்தமே கிடையாது என்பது என் அபிப்பிராயம். படித்தவர்கள் படித்தாயிற்று, வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்கள் அனுப்பியாயிற்று. வேலையை இழந்த பெண்ணுக்கு வேலை திரும்பவில்லை. மறுநாள், "என் பதிவால் யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்று ஒரு வரி. இது அரசியல்வாதிகளிடம் கற்ற பாஷை. புண்பட்டதே சந்தேகம் என்கிறது. என்ன தப்பாகச் சொன்னோம் என்பதும் அதில் இல்லை. அவர் மனைவி என்னைக் கடைத்தெருவில் பார்த்து, "பேங்க்ல முப்பது வருஷம் தப்பா போட்ட கணக்க அடிச்சுத் திருத்தி இனிஷியல் போட்ட மனுஷன், இதுக்கு மட்டும் ரப்பர் தேடுறார்" என்றார். வீட்டிலும் அதையே சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

இதற்கிடையில் நானும் இன்னொருவரும் மேஸ்திரியிடம் பேசித் தகரக் கதவைத் திறக்கவைத்தோம். டிரம்களைப் பார்த்தோம். ஒன்றிலும் புழு இல்லை. கட்டட வேலைக்குத் தினமும் காலியாகித் தினமும் நிரம்பும் டிரம்மில் புழு வளர நேரமே கிடையாது. ஆனால் லிஃப்ட்டுக்காகத் தோண்டி விட்டிருந்த பள்ளத்தில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர், அது முழுக்கப் புழு. மாடியில் கான்கிரீட் இறுகுவதற்காகப் பாத்தி கட்டித் தேக்கிய தண்ணீரிலும் ஓரங்களில் இருந்தது. ஆக சாருடைய செய்தியில் ஒரு பாதி, கட்டடத்தில் கொசு வளர்கிறது என்பது, சரிதான். அவர் பழிபோட்ட ஆட்கள்தான் தப்பு. லிஃப்ட் பள்ளத்துக்கு மோட்டார் வைத்து இறைப்பது கட்டுமான ஒப்பந்ததாரரின் வேலை, அங்கே தார்ப்பாய்க்குக் கீழே தூங்கும் கொத்தனாரின் வேலை கிடையாது. அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே படுத்த அவர்களைத்தான் முதலில் கடித்திருக்கும்.

இதைச் சாரிடம் சொன்னபோது, "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்பார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அன்று மாலை குழுவில் அவர் எழுதியது இப்படி இருந்தது: இன்ன தேதியில் இப்படிச் சொன்னேன், விசாரிக்காமல் சொன்னேன், டெங்குவை யார் கொண்டுவந்தார் என்று யாருக்கும் தெரியாது, டிரம்களில் புழு இல்லை, லிஃப்ட் பள்ளத்தில் இருக்கிறது, அதற்கு ஒப்பந்ததாரர்தான் பொறுப்பு, எண்ணெய் வைத்தியத்துக்கும் ஆதாரம் இல்லை, என் செய்தியை வேறு இடங்களுக்கு அனுப்பியவர்கள் இதையும் அங்கே அனுப்புங்கள், அந்தம்மாவை வேலையிலிருந்து நிறுத்தியவர்கள் என் பேச்சைக் கேட்டு நிறுத்தியிருந்தால் தயவுசெய்து திரும்பக் கூப்பிடுங்கள். மன்னிப்பு என்ற வார்த்தை கடைசி வரியில் ஒருமுறை வந்தது. தவறான தகவலைப் பரப்பிவிட்டுத் திருத்த நினைப்பவர்களுக்கு நான் இப்போதும் காட்டும் மாதிரி இதுதான். சொன்ன இடத்திலேயே, அதே நீளத்தில், எது தப்பு எது சரி என்று பிரித்து, அதனால் கெட்ட காரியம் எதுவோ அதைச் சரிசெய்யும் கோரிக்கையோடு.

அதோடு விடாமல் அவர் கட்டடத்துக்கும் போனார். நானும் கூடப் போனேன். திருவண்ணாமலைப் பக்கத்து மேஸ்திரி, இவரைவிட இருபது வயது இளையவர். சார் கைகூப்பி, "தப்பா எழுதிட்டேன்ப்பா, மன்னிச்சுக்கணும்" என்றதும் அவருக்குத்தான் கூச்சமாகிவிட்டது. "அய்யய்ய, பெரியவங்க நீங்க போயி... பரவால்ல சார். அந்தப் பள்ளத்துக்கு ஒரு மோட்டாரு மட்டும் வெக்கச் சொல்லுங்க. நாங்க சொன்னா ஓனரு காதுல வாங்க மாட்டேங்குறாரு" என்றார்.

படிவம் நிரப்பும் சாருக்கு இது போதாதா? ஒப்பந்ததாரருக்கு ஒரு கடிதம், வார்டு அலுவலகத்துக்கு ஒரு நகல். 1939-ல் மதராஸ் மாகாணம் கொண்டுவந்த பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு வளரவிடுவதைத் தடுக்கும் பிரிவு இருக்கிறது என்பதை எங்கிருந்தோ தேடி எடுத்து அதையும் சேர்த்திருந்தார். மோட்டார் வந்தது. பாத்தித் தண்ணீரை வாரம் ஒருமுறை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவது என்று மேஸ்திரி ஒப்புக்கொண்டார். பாத்திரம் தேய்த்த பெண்ணை ஒரு வீடு திரும்பக் கூப்பிட்டது. இன்னொரு வீடு கூப்பிடவில்லை. அவர்கள் ஏற்கெனவே வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிப் பக்கம் கற்றதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான தகவல் ஆளைக் கொல்வது அங்கேதான். தமிழ்நாட்டில் டெங்குவுக்கு 2012-ல் 66 பேரும் 2017-ல் 65 பேரும் இறந்ததாக அரசுக் கணக்கு. அந்தச் சிறுவனின் அம்மாவிடம் நாங்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே: "பிளேட்லெட் எவ்வளவு?" தெருவே கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோலக் கேட்டது. கூடவே கிவிப் பழமும் பப்பாளி இலைச் சாறும் வந்து குவிந்தன. பிளேட்லெட் என்னும் தட்டணு குறைவதைக் காட்டிலும் ஆபத்தானது, ரத்தக்குழாயிலிருந்து நீர்ச்சத்து கசிந்து ரத்தம் கெட்டியாவதும் ரத்த அழுத்தம் விழுவதும். அதனால் மருத்துவர் தட்டணுவோடு ஹீமட்டோகிரிட் அளவையும் நாடித்துடிப்பையும் சிறுநீர் போகும் அளவையும் பார்க்கிறார். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கை குறைந்தது என்பதற்காகவே தட்டணு ஏற்றச் சொல்லி மருத்துவரை நெருக்கக் கூடாது. பப்பாளி இலைச் சாறு எண்ணிக்கையைக் கூட்டுவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் கசப்பில் பிள்ளை வாந்தி எடுத்தால் உள்ளே இருக்கும் நீரும் போய்விடும். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும். அதைக் குடித்துவிட்டோமே என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில். உடம்பு வலிக்கிறது என்று ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். "ஒரு ஊசி போட்டு அனுப்புங்க டாக்டர்" என்று நாமே கேட்டு வாங்கும் ஊசியில் டைக்ளோஃபெனாக் இருக்கலாம் என்பது நினைவிருக்க வேண்டும். டெங்குதானா என்று அறிய முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 பரிசோதனை, அதன்பிறகு ஐ.ஜி.எம். உப்புச் சர்க்கரைக் கரைசல், கஞ்சி, இளநீர், மோர் என்று குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காய்ச்சல் இறங்கியதும் வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். அங்கேதான் கவனம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு தணியும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் நிலைமை மோசமாகும். விடாத வாந்தி, கடுமையான வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிடுவது, பிள்ளை சோர்ந்து துவண்டு கிடப்பது, சிறுநீர் வெகுநேரம் போகாதிருப்பது, இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் காலை வரை காத்திருக்காமல் கிளம்ப வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வைரஸில் நான்கு வகை. ஒன்று வந்தால் அந்த ஒன்றுக்குத்தான் நிரந்தர எதிர்ப்பு. இரண்டாவது வகை தாக்கும்போது தீவிரமாகும் வாய்ப்பு அதிகம்.

அநேகமாக யாரும் செய்யாத ஒன்று, நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கவைப்பது. காய்ச்சல் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து நாலைந்து நாள் பின்புவரை அவர் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அந்த நாட்களில் வீட்டுக் கொசு அவரைக் கடித்தால் அடுத்து அவர் தம்பிக்கு, பிறகு எதிர்வீட்டுக்கு. சிறுவன் வீடு திரும்பிய பிறகு அவர்கள் வீட்டில் மேலும் ஒருவருக்கு வந்தது. வலை வாங்கிக்கொடுக்க எங்களில் ஒருவருக்கும் அப்போது தோன்றியிருக்கவில்லை.

புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கொசு ஆராய்ச்சி மையம், டெங்கு வைரஸைப் பெருகவிடாத வோல்பாக்கியா என்ற பாக்டீரியா புகுத்திய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022-ல் அறிவித்தது. அது தெருவுக்கு வரும்போது வரட்டும்.

மழை ஓய்ந்து தை பிறந்தால் "இனிமே என்ன டீச்சர்" என்று ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் குறைந்துவிடுகிறார்கள். வறண்ட மாதங்களில்தான் நாம் அதிகம் தண்ணீர் பிடித்துவைக்கிறோம். லாரி எப்போது வரும் என்று தெரியாமல் அண்டா, குடம், டிரம் எல்லாம் நிரம்பி நிற்கும். போகிக்குப் பழைய டயரை எரிக்கக் கொடுக்காமல் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடச் சொல்கிறோம். பரணில் ஏற்றும் வாளிகளைத் தேய்த்துக் காயவைத்துக் கவிழ்த்து ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசிக்கான முட்டையையும் சேர்த்து ஏற்றிவைத்தவர்கள் ஆவோம். பூட்டிய ஃபிளாட்டின் சாவி இப்போது வங்கி சாரிடம் இருக்கிறது. மாதத்தில் முதல் ஞாயிறு அவரே போய்த் திறந்து பார்த்து, குழுவில் ஒரு வரி போட்டுவிடுகிறார்.